மன்னிச்சிட்டேன், போ

மதியம் ஒன்றே கால் மணிக்கு என் மகள் திவ்யா, ரயில் பங்காருபேட்டை தாண்டிவிட்டதா என்று என்னைக் கேட்டாள்.

அவள் ரயிலில் இல்லை. பெண்கள் வார்டில், ஜன்னலோரக் கட்டிலில், கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கப் படுத்திருந்தாள். தினமும் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குப் போய் வேலை பார்த்துவிட்டு வருகிறவள். காய்ச்சலில் ரயில் நினைப்பு வருவதில் ஆச்சரியம் இல்லை என்று நினைத்தேன். கஞ்சி வாங்கிவர வெளியே போயிருந்த நான் அப்போதுதான் திரும்பியிருந்தேன். தூக்கை ஸ்டூல்மேல் வைத்துவிட்டு நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். வேர்த்து, சில்லென்று இருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பக்கத்துக் கட்டில் பெண்ணும் எட்டிப் பார்த்து, ஜொரம் வுடுது, இனிமே சரியா பூடும் என்றாள். துண்டை எடுத்து மகளின் கழுத்தைத் துடைக்கத் தொடங்கினேன்.

துடைத்துக்கொண்டே இருந்தேன். வேர்வை நிற்கவில்லை. அவள் கண்கள் என் பக்கம் திரும்பின, ஆனால் என்மேல் நிற்கவில்லை. விரல்கள் தாமாகவே போர்வையைப் பிசைந்துகொண்டிருந்தன.

அதே வார்டில் அத்தனை வருஷம் நர்ஸாக இருந்தவள் நான். யாரோ ஒருவரின் மகள் இப்படிப் படுத்திருந்தால், வாசலில் நுழையும்போதே எனக்குத் தெரிந்திருக்கும். என் மகள் என்பதால் தெரியவில்லை. தாய்க்குத் தோன்றுகிற முதல் காரணம் எப்போதும் நல்ல காரணமாகத்தான் இருக்கும். புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கிற நீங்கள், கட்டில் பக்கத்தில் நிற்கும் தாய்மார்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள். ஆனால் அவர்கள் சொல்லும் காரணத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள்.

முட்டிவலியால் வேலையை முன்கூட்டியே விட்டவள் நான். நீங்கள் எல்லோரும் நான் போன பிறகு சேர்ந்தவர்கள். புதுசா வந்தவங்களுக்கு உங்க அனுபவத்த எழுதிக் குடுங்க சிஸ்டர் என்று வார்டின் இப்போதைய இன்சார்ஜ் நர்ஸ் கேட்டபோது, ஊசி போடுவது, கட்டுக் கட்டுவது பற்றியெல்லாம் சொல்லித்தர ஆள் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். எனக்கு எழுத இருப்பது ஒரே ஒரு சொல்லைப் பற்றி. மன்னிப்பு கேட்பது எப்படி என்று உங்களுக்குப் பலர் சொல்லியிருப்பார்கள். மன்னித்துவிட்டேன் என்று சொல்வது எப்படி என்று எனக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. இதில் வரும் பெயர்களை மாற்றியிருக்கிறேன். நடந்ததை மாற்றவில்லை.

துண்டோடு நான் நின்றுகொண்டிருந்தபோது ரேவதி ஓடிவந்தாள். அந்த வார்டில் சேர்ந்து அதிக நாள் ஆகாத பெண். ஆண்டர்சன்பேட்டைக்காரி. நான் வேலையில் இருந்த கடைசி வருஷம் பயிற்சிக்காக என்னோடு சில வாரம் நின்றிருக்கிறாள். ஓடிவந்தவள் என் காதோடு சொல்லவில்லை. டியூட்டி ரூமுக்குக் கேட்கும்படி, வார்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"சிஸ்டர், நான் அக்காவுக்கு இன்சுலின் போட்டுட்டேன். மாத்திப் போட்டுட்டேன். டாக்டரைக் கூப்புடுங்க."

எப்படி மாறியது என்பதை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். இங்கே ஒருவரைப் புதிதாகப் பார்த்தால் பெயரைக் கேட்பதற்கு முன்னால் எந்த ஏரியா என்றுதான் கேட்போம். வார்டிலும் அதே பழக்கம். சாம்பியனுக்கு டிரிப்ஸ் முடிஞ்சிடுச்சி, மாரிகுப்பத்துக்கு கஞ்சி குடுத்தாச்சா என்று ஏரியா பெயரைச் சொல்லித்தான் பேசிக்கொள்வோம். நோயாளிகளுக்கும் அது பிடிக்கும். சொந்தக்காரர்போல இருக்கும். அன்றைக்கு வார்டில் மைசூர் மைன்ஸ்காரர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் சர்க்கரை நோய்க்காரர், வயதான அம்மா. இன்னொருத்தி என் மகள். மைசூர் மைன்ஸுக்கு சாப்பாட்டுக்கு முன்னாடி ஊசி போட்டுடு என்று ஒரு நர்ஸ் சொல்லிவிட்டுப் போக, நாலு நாளாகச் சரியாகச் சாப்பிடாத என் மகளின் கையில் அந்த ஊசி ஏறிவிட்டது. எனக்கு இன்னும் ஊசி போடலியேம்மா, சோறு ஆறிக்கினு இருக்குது என்று அந்த அம்மா கேட்டபோதுதான் ரேவதிக்குப் புரிந்திருக்கிறது.

அவள் சொல்லி முடிப்பதற்குள் திவ்யாவின் கை கால்கள் வெட்டி இழுக்க ஆரம்பித்தன. அதன்பிறகு நடந்தது எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. டாக்டர் வந்தார். குளுக்கோஸ் ஏற்றினார்கள். இழுப்பில் ஊசிக்குழாய் கழன்றுவிடாமல் என் மகளின் முழங்கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தரையில் மண்டியிட்டிருந்தவள் ரேவதி. நான் சுவரோரம் நின்றுகொண்டிருந்தேன். கையில் துண்டு இருந்தது. என்ன செய்ய வேண்டும் என்று அத்தனையும் தெரிந்தவள், ஒன்றுமே செய்யாமல் நின்றேன்.

இழுப்பு அடங்கி, திவ்யா கண்ணைத் திறந்து, ஏன் எல்லாரும் இங்க நிக்கிறீங்க என்று கேட்டாள். பிறகு தூங்கிவிட்டாள். மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை, தாமதம் ஆகியிருந்தால் வேறு கதை என்று டாக்டர் சொன்னார்.

வேறு கதை என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். வேர்ப்பது காய்ச்சல் விடுவதால்தான் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். வார்டில் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். ரேவதி வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் இன்சுலின் என்று யாருக்கும் தோன்றியிருக்காது. அவளுக்கும் அது தெரிந்திருக்கும். இருந்தும் ஓடிவந்து உரக்கச் சொன்னாள். இதை இப்போது இவ்வளவு தெளிவாக எழுதுகிறேன். அன்றைக்கு மாலை எனக்கு இது ஒன்றும் தெரியவில்லை. என் மகள் கையில் ஊசி குத்திய கை மட்டும்தான் தெரிந்தது.

மாலையில் வார்டுக்கு வெளியே என்னைக் கூப்பிட்டார்கள். இன்சார்ஜ் நின்றிருந்தார், மேனேஜர் நின்றிருந்தார். ரேவதியின் அம்மா ஆண்டர்சன்பேட்டையில் வளையல் கடையை அப்படியே போட்டுவிட்டு வந்திருந்தார். ரேவதி சுவரோடு சுவராக நின்றாள். போகிற வருகிறவர்களும் நின்று பார்த்தார்கள். தெரியாம நடந்துபோச்சு, நீங்களே இந்தப் பொண்ணுக்குக் கத்துக்குடுத்தவங்க என்று இன்சார்ஜ் ஆரம்பித்தார். ரேவதி என் காலைத் தொட்டாள். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு வார்த்த சொல்லிடுங்க சிஸ்டரம்மா. மன்னிச்சிட்டேன்னு ஒரே வார்த்த. அது போதும் எங்களுக்கு."

"மன்னிச்சிட்டேன், போ," என்றேன்.

எல்லோருக்கும் மூச்சு வந்தது. மேனேஜர் கைகூப்பினார். உங்களுக்குப் பெரிய மனசு என்று யாரோ சொன்னார்கள். அவர்கள் கலைந்து போகும்போது இன்சார்ஜின் தோளைத் தொட்டு, நாங்க டிஸ்சார்ஜ் ஆவுற வரைக்கும் அந்தப் பொண்ணு இந்தக் கட்டில் பக்கம் வரக்கூடாது என்று தாழ்ந்த குரலில் சொன்னேன். தாழ்ந்த குரல் என்றுதான் நினைத்தேன். ரேவதி திரும்பிப் பார்த்தாள். கேட்டுவிட்டது.

அன்றைக்கு அதோடு வார்டை விட்டுப் போனவள் மறுநாள் டியூட்டிக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

நாங்கள் வீட்டுக்கு வந்துவிட்டோம். வீட்டில் நானும் திவ்யாவும்தான். என் கணவர் தவறி நாளாகிவிட்டது. அவளுக்குப் பழையபடி பசி எடுத்தது, போனில் கூட்டாளிகளோடு சிரித்தாள், பொழுதுபோகவில்லை என்றாள். எனக்குத்தான் ஒன்றும் சரியாகவில்லை. அவள் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்றேன். பேசிக்கொண்டிருக்கும்போதே புறங்கையால் அவள் கழுத்தைத் தொட்டு வேர்த்திருக்கிறதா என்று பார்த்தேன். ஒரு சொல்லுக்காக அவள் கொஞ்சம் யோசித்தால்கூடச் சர்க்கரை டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"சக்கர டப்பாவ தூக்கிக்கினு சும்மா பின்னாடியே வராதம்மா," என்றாள். "எறும்பு வந்துடும்."

இன்சார்ஜ் போன் செய்தார். ரேவதி வேலை வேண்டாம் என்று சொல்லியனுப்பிவிட்டாளாம். இனிமேல் அம்மாவோடு கடையில் உட்காரப் போகிறாளாம். இந்த வாரக் கடைசி வரைக்கும் பார்ப்பேன், அதற்குமேல் வேறு ஆளைப் போட்டாக வேண்டும் என்றார். நல்ல பெண் சிஸ்டர், நீங்கள் மன்னித்த பிறகும் ஏன் இப்படிச் செய்கிறாள் என்று புரியவில்லை என்றும் சொன்னார். எனக்கும் புரியவில்லை என்று சொல்லி போனை வைத்தேன். வைத்த பிறகு மனதுக்குள் ஒரு மூலையில் திருப்தியாக இருந்தது. இதையும் எழுதத்தான் வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. போகட்டும், நல்லதுதான் என்று ஒரு குரல் உள்ளே சொன்னது. மன்னித்தவளின் குரல் அப்படி இருக்காது.

திவ்யா போன் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள். யார் என்று கேட்டாள். சொன்னேன்.

"அவங்கள நீ மன்னிச்சிட்டியா?"

"அன்னிக்கே சொல்லிட்டேன். எல்லார் முன்னாடியும்."

"சூப்பர்ம்மா. ஊசி குத்துனது என் கையில. ஃபிட்ஸ் வந்தது எனக்கு. மன்னிச்சி அனுப்புனது நீயா? என்னை ஒரு வார்த்த கேட்டியா?"

நீ தூங்கிக்கொண்டிருந்தாய் என்றேன். எழுந்த பிறகு கேட்டிருக்கலாமே என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் விடவில்லை. சரி, இப்போது கேட்கிறேன், நீ மன்னித்துவிட்டாயா என்றேன். தட்டில் இருந்த மிச்ச இட்லியைப் பிய்த்தாள்.

"இல்ல. கோவமாத்தான் இருக்குது. கண்ண மூடினா அந்தக் குளிரு வருது. ரயில்ல எதிர்ல வந்தாங்கன்னா திட்டிடுவேன். ஆனா அதுக்காக வேலையவே வுடணுமா? எங்க ஆபீஸ்ல எவ்ளோ பெரிய தப்பு பண்ணாலும் மறுநாள் வந்து அதே சீட்ல குந்திக்கினுதான் இருப்பானுங்க. அவங்க ஓடியாந்து சொன்னாங்கன்னு நீதானே சொன்ன?"

நான்தான் சொல்லியிருந்தேன். அதை அவளிடம் சொன்னபோது எனக்கு அது வெறும் செய்தியாகத்தான் இருந்தது. அவள் வாயிலிருந்து திரும்பி வந்தபோதுதான் அதன் கனம் தெரிந்தது.

அன்று பகல் முழுக்க எங்கள் பழைய மேட்ரனை நினைத்துக்கொண்டிருந்தேன். உங்களுக்கு அவரைத் தெரியாது, பெயரும் வேண்டாம். நான் சேர்ந்த புதிதில் பங்காருபேட்டையிலிருந்து ஒரு முதியவரைச் சேர்த்திருந்தார்கள். கட்டில் கம்பியைத் தூக்கிவிட ஒரு நர்ஸ் மறந்துவிட்டதால் கீழே விழுந்து அவருக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அவருடைய மகனை அலுவலக அறையில் உட்காரவைத்து, சுற்றி நாலு பேர் நின்றுகொண்டு, நீங்கள் ஒரு வார்த்தை மன்னித்தேன் என்று சொன்னால் இந்தப் பெண் நிம்மதியாக வேலைக்குப் போவாள் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். மேட்ரன் உள்ளே வந்து நிறுத்தினார்.

"அந்த வார்த்தய அவருகிட்ட கேக்காதீங்க. கேட்டா குடுத்துடுவாரு. நாலு பேரு முன்னாடி கேட்டா நம்ம ஜனங்க எதையும் குடுத்துடுவாங்க. வூட்டுக்குப் போனப்புறம் அவருதான் கஷ்டப்படணும்."

பிறகு அந்த மகனுக்கு எதிரே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, என்ன நடந்தது என்பதை ஒன்று விடாமல் சொன்னார். அவர் கத்தினார். மேட்ரன் கேட்டுக்கொண்டிருந்தார். கத்தி முடித்து அந்த ஆள் அப்பாவைப் பார்க்க எழுந்து போய்விட்டார். யாரையும் மன்னிக்கவில்லை. அந்த நர்ஸ் மறுநாள் வேலைக்கு வந்தாள். அதே முதியவருக்கு அவளேதான் உடம்பு துடைத்துவிட்டாள்.

மேட்ரன் குடும்பத்தாருக்காக அப்படிச் செய்தார் என்றுதான் நான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். அந்த நர்ஸுக்காகவும்தான் செய்தார் என்பது அன்று பகல்தான் எனக்கு உறைத்தது.

யோசித்துப் பாருங்கள். வீட்டில் நாம் யாரிடமாவது மன்னிச்சிட்டேன் என்று சொல்லியிருக்கிறோமா? புருஷனிடம் சொன்னதில்லை, பிள்ளையிடம் சொன்னதில்லை. சண்டை போட்டுவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து, சரி சாப்பிட வா என்போம். போவட்டும் வுடு என்போம். அதுவே அதிகம். மன்னிச்சிட்டேன் என்கிற சொல்லை எடுத்தாலே பக்கத்தில் மூன்றாவது ஆள் ஒருவர் நிற்கிறார் என்று அர்த்தம். போலீஸ் ஸ்டேஷனிலோ, பஞ்சாயத்திலோ, ஆஸ்பத்திரி வராந்தாவிலோ அது சொல்லப்படுகிறது. கேட்டவரைவிடச் சுற்றி நிற்பவர்களுக்கு அது நிம்மதி தருகிறது. விஷயம் முடிந்தது, கலைந்து போகலாம். நான் அன்றைக்கு அந்தச் சொல்லைச் சொன்னது ரேவதியைச் சேர்த்துக்கொள்வதற்காக இல்லை. அவளை என் கண்முன்னாலிருந்து அனுப்புவதற்காக. என் வாயில் வந்த இரண்டு சொல்லில் அவள் நம்பியது 'போ' என்ற இரண்டாவதைத்தான். அவள் நம்பியதுதான் சரி.

மறுநாள் பஸ் பிடித்து ஆண்டர்சன்பேட்டைக்குப் போனேன். திவ்யாவைத் தனியாக விட்டுப் போக மனமில்லாமல் இரண்டு தடவை வாசல்வரை போய்த் திரும்பினேன். போய்ட்டு வாம்மா, நான் எங்கயும் ஓடிட மாட்டேன் என்று அவள்தான் தள்ளிவிட்டாள்.

வளையல் கடை பஜாரில், சர்ச்சுக்குப் போகும் சந்து முனையில் இருந்தது. ரேவதி உள்பக்கம் உட்கார்ந்து ஒரு பெண்ணுக்கு வளையல் ஏற்றிக்கொண்டிருந்தாள். கையைக் குவிக்கச் சொல்லி, வலிக்குதா, வலிக்குதா என்று கேட்டுக் கேட்டு ஒவ்வொன்றாக ஏற்றினாள். அந்தப் பெண் எழுந்து போகும்வரை நான் வெளியிலேயே நின்றேன்.

ரேவதியின் அம்மா என்னைப் பார்த்ததும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். மகள்மேல்தான் அவருக்குக் கோபம். நீங்களே மன்னித்துவிட்டீர்கள், அப்புறமும் சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்திருந்தால் நான் என்ன செய்வேன், படிக்க வைத்த படிப்பெல்லாம் வீணா என்று என்னிடம் முறையிட்டார்.

"நான் மன்னிக்கலம்மா," என்றேன். "அதச் சொல்லத்தான் வந்தேன். அன்னிக்கு நாலு பேரு நின்னாங்க, வாயால சொல்லிட்டேன். உள்ள ஒண்ணும் இல்ல. அந்த வார்த்தய திரும்ப வாங்கிக்கினு போலாம்னு வந்தேன்."

அவர் முகம் மாறிவிட்டது. "இன்னாம்மா இது நியாயம்? குடுத்தத திருப்பி வாங்கறதுக்கு பஸ் ஏறி வந்தீங்களா? பொண்ணு ஏற்கனவே செத்துப்போனவ மாதிரி கீறா."

"அம்மா, நீ சும்மா இரு," என்றாள் ரேவதி. அதுவரை அவள் தலை நிமிரவில்லை. இப்போது என்னைப் பார்த்தாள். "எனக்குத் தெரியும் சிஸ்டர். அன்னிக்கே தெரியும். வெளிய யாருகிட்ட சொன்னாலும், அதான் மன்னிச்சிட்டாங்களே, இன்னும் இன்னா உனக்குன்னு கேக்கறாங்க. எனக்குப் பதில் சொல்லத் தெரியல."

நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மனதில் தயார் செய்துகொண்டு போனதெல்லாம் மறந்துவிட்டது. வந்ததைச் சொன்னேன்.

"நீ போட்ட ஊசிதான் என் பொண்ண சாவு வரைக்கும் கொண்டுபோச்சி. நீ ஓடியாந்து கத்தலன்னா அவ இன்னிக்கு இல்ல. ரெண்டுமே நீதான். ரெண்டயும் ஒண்ணா வெச்சிப் பாக்க எனக்கு இன்னும் வரல. வரும்னு நினைக்கிறேன், ஆனா நாளாவும். திவ்யாவுக்கும் கோவம் இருக்குது, அவளே சொன்னா. அது எங்க வேல, நாங்க பாத்துக்கறோம். அதுக்காக நீ இங்க குந்திக்கினு இருக்காத."

"மறுபடியும் ஊசிய எடுத்தா கை நடுங்கும் சிஸ்டர்."

"நடுங்கட்டும்."

"மறுபடி மாறிடுச்சின்னா?"

மாறாது என்று சொல்லத்தான் வாய் வந்தது. அதுவும் சுற்றி நிற்பவர்களுக்கான பேச்சாகவே இருந்திருக்கும். "மாறலாம்," என்றேன். "எனக்கும் மாறியிருக்கலாம், உன்னை மாதிரி எல்லாருக்கும் மாறலாம். மாறினா அன்னிக்கு மாதிரியே ஓடியாந்து சொல்லு. நீ வேலைய வுட்டுட்டன்னு தெரிஞ்சா, அடுத்து மாத்திப் போடற பொண்ணு வாயத் திறக்க மாட்டா. சொன்னவ இன்னா ஆனான்னு அவளுக்குத் தெரியும் இல்ல?"

ரேவதி அழுதாள். அன்றைக்கு வராந்தாவில் அவள் அழவில்லை என்பது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. அவள் அம்மா என்னைத் திட்டுவதா, தண்ணீர் கொடுப்பதா என்று தெரியாமல் நின்று, கடைசியில் டீ வரவழைத்தார். மூன்று பேரும் குடித்தோம். வாடிக்கையாளர் ஒருவர் வந்ததும் ரேவதி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். வேலைக்குப் போகிறேன், போகவில்லை என்று எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் கொடுத்துவிடுவாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில், மன்னிக்கவில்லை என்று ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு வருகிறேன், அவள் ஏதாவது செய்துகொண்டால் என்ன ஆகும் என்று பயந்தேன். இன்றுவரை அந்தப் பயம் முழுதாகப் போகவில்லை. நான் செய்தது சரிதான் என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. உங்களுக்கு இப்படி ஒரு நிலைமை வந்தால், இதையே செய்யுங்கள் என்றும் சொல்லமாட்டேன். ஆனால் ஒன்று சொல்வேன். தப்பு நடந்தால் அடிபட்டவரிடம் போய் நடந்ததைச் சொல்லுங்கள், அவருக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள், திட்டினால் நின்று கேளுங்கள். அந்த ஒரு சொல்லை மட்டும் அவரிடமிருந்து பிடுங்காதீர்கள். உங்கள் தோழிக்காக என்றாலும், ஆஸ்பத்திரியின் நல்ல பெயருக்காக என்றாலும் பிடுங்காதீர்கள். அது வருகிற நாளில் தானே வரும். வராமலும் போகலாம். அதுவரை இரண்டு பேரும் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் தெரிந்தவர்களாகவே இருக்கலாம்.

வாரம் முடிந்துகொண்டிருந்தது. இன்சார்ஜிடமிருந்து போன் வரவில்லை. நானாகப் போன் செய்து கேட்கவும் பயம். வந்துவிட்டாளா என்று கேட்பதற்கு நான் யார்? திவ்யா திங்கட்கிழமை விடியற்காலை ரயிலுக்குப் போகத் துணிமணி எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். போகாதே, இன்னும் ஒரு வாரம் இரு என்று நான் கெஞ்சிக்கொண்டிருந்தேன். பெங்களூரில் தலைசுற்றி விழுந்தால் யார் பார்ப்பார்கள் என்று நான் கேட்க, பெங்களூரிலும் மனுஷங்கதான்ம்மா இருக்காங்க என்று அவள் சொல்ல, சனிக்கிழமை காலை அந்தச் சண்டை உச்சத்தில் இருந்தபோது வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது.

ரேவதி நின்றிருந்தாள். யூனிபார்ம் போட்டிருந்தாள். தலையை இறுக்கிக் கொண்டை போட்டிருந்தாள். தோளில் டிபன் பை. என்னைப் பார்த்துத் தலையசைத்தாள், ஆனால் அவள் பார்வை என்னைத் தாண்டி உள்ளே போயிற்று. திவ்யா கையில் மடித்த துணியோடு வந்து என் பக்கத்தில் நின்றாள். திட்டுவேன் என்று சொன்னவள் திட்டவில்லை. உள்ளே வா என்றும் சொல்லவில்லை. நான் வாயைத் திறக்காமல் இருப்பதற்காகக் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"மன்னிப்பு கேக்க வரலக்கா," என்றாள் ரேவதி. "டூட்டிக்குப் போற வழி. அன்னிக்கே உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன், யாரும் கேக்க வுடல."

டிபன் பையைத் தோளில் ஏற்றிவிட்டுக்கொண்டாள்.

"இப்ப ஒடம்பு எப்பிடிக்கா இருக்குது?"